தோளை விட்டு இறக்காதே

பண்டாரவளையில் ரயிலை விட்டு இறங்கும்போதே குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பூனாகலைக்கு அப்பால், மலைச்சரிவில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு நடந்து வந்து சேர்ந்தபோது இருதயம்மாவின் முந்தானை முழுக்கச் சளி. புருஷன் சிங்கராயர் தலையில் மூட்டையோடு முன்னால் நடந்தார். மழை பின்னாலேயே வந்தது.

கூலியாட்கள் குடியிருக்கும் நீள வரிசை லயத்தில், ஒற்றை அறைக் காம்பரா ஒன்றை அழகையா கங்காணி திறந்துவிட்டார். பக்கத்துக் காம்பராவில் பெரிய பூட்டுத் தொங்கியது. மண்வெட்டியும் மண் கிளறும் முள்ளும் போட்டு வைத்திருக்கிறோம், ஆள் யாரும் இல்லை என்றார். இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அதுவும் கூரை வரைக்கும் போகவில்லை. மேலே கொஞ்சம் இருட்டு திறந்து கிடந்தது. இந்தப் பக்கத்து அடுப்புப் புகை அதன் வழியாக அந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கத்துக் குளிர் இந்தப் பக்கம் வந்தது.

இருதயம்மா முதல் பிள்ளையை ஊரிலேயே புதைத்துவிட்டு வந்தவள். இவனுக்கு இன்னும் ஞானஸ்நானம்கூடக் கொடுக்கவில்லை. கையளவு பிள்ளை.

மழை விடவில்லை. சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. பிள்ளை முலையைக் கவ்வும், மூச்சு முட்டும், விட்டுவிட்டு அழும். பாயில் போட்டால் தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம் வரும், உதடு நீலமாகும். தூக்கித் தோளில் நிமிர்த்திச் சாய்த்தால் மட்டும் மூச்சு வரும். எதிர் லயத்துக் கருப்பம்மா தேங்காய் எண்ணெயில் ஓமம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவிவிட்டாள். அடுப்பைப் புகைய விடாதே என்றாள். பிள்ளையின் மூக்கில் வாய் வைத்துச் சளியை உறிஞ்சிச் சாம்பலில் துப்பினாள்.

"பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகலாம்னா, ரோட்டையே மலை தின்னுட்டு உக்காந்திருக்கு. அது பசி அடங்கட்டும். நீ புள்ளைய இறக்காம வச்சிரு தாயி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கொம்பு ஊதினார்கள். ஆம்பிளைகள் எல்லாரையும் சரிந்த மண்ணை அள்ளக் கூட்டிப் போனார்கள். பெண்கள் கொழுந்து பறிக்கப் போனார்கள். காற்று அடிக்கிறதே என்று சிங்கராயர் வெளியே இருந்து கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார். மழையில் ஊறி உப்பிய கதவு. இரண்டு கையும் போட்டு இழுத்தால்தான் திறக்கும்.

அவளுடைய இரண்டு கையும் பிள்ளையின் மேல் இருந்தன.

பகல்தான். ஆனால் பனிமூட்டம் கதவிடுக்கு வழியாகப் புகுந்து காம்பராவை வெள்ளையாக்கியிருந்தது. லயம் முழுக்க ஆள் அரவம் இல்லை. இருதயம்மா நடுச்சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். தூங்கி எத்தனையோ நாள் ஆகிவிட்டது. கண்ணுக்குள் மணல் போட்டது போல எரிந்தது.

சுவர் இதமாக இருந்தது. அந்தப் பக்கமும் ஒருத்தி முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பது போல, அவள் முதுகளவு இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு இருமல் கேட்டது. சின்ன இருமல். பச்சைப்பிள்ளை இருமல்.

அதற்குப் பின்னால் உறிஞ்சும் சத்தம். துப்பும் சத்தம்.

"கீழ போட்டுடாத" என்றது ஒரு பெண் குரல், கிசுகிசுப்பாக.

இருதயம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. தன்னைப் போல இன்னொருத்தியும் வேலைக்குப் போகாமல் நோய்ப்பிள்ளையோடு கிடக்கிறாள் என்று நினைத்தாள். அக்கா என்று கூப்பிட்டு, தன் பாடுகளையெல்லாம் சொன்னாள். அந்தப் பக்கம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"கண்ணு சொக்குதா?"

"ஆமாக்கா. தாங்க முடியல."

"அப்ப எங்கிட்ட குடு. நான் வச்சிருக்கேன்."

அப்போதுதான் அவளுக்குப் பூட்டு ஞாபகம் வந்தது.

பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். சுவரை விட்டு விலகி எதிர்மூலையில் போய் ஒடுங்கினாள். கதவைத் திறக்க வேண்டுமானால் பிள்ளையைக் கீழே வைக்க வேண்டும். வைத்தால் மூச்சு நின்றுவிடும். மாதாவை வேண்டிக்கொண்டே இருந்தாள். பாதி மந்திரத்தில் நாக்குத் தடித்தது.

தலை ஒருமுறை சாய்ந்தது.

விழித்தபோது தோள் லேசாக இருந்தது.

மடியில் இல்லை. பாயில் இல்லை. புளித்த பாலும் ஈரமண்ணும் கலந்த வாடை காம்பரா முழுக்க நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் உறிஞ்சும் சத்தம், துப்பும் சத்தம். அப்புறம் அவள் பிள்ளை அழுதது. அடைப்பே இல்லாத, கணீரென்ற அழுகை. அவன் அப்படி அழுது அவள் கேட்டதே இல்லை.

இப்போது இரண்டு கையும் சும்மாதான் இருந்தன. கதவைப் பிடித்து நகம் பெயர இழுத்தாள்.

கதவு வரவில்லை.

சுவரில் முகத்தை வைத்து, "குடுத்துடு அக்கா. எனக்கு இவன் ஒருத்தன்தான்" என்றாள்.

"இனித் தூங்க மாட்டியே?"

"மாட்டேன்."

"எப்பவும்?"

இருதயம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "எப்பவும்."

சுவருக்கு மேலே இருந்த இருட்டிலிருந்து இரண்டு கைகள் இறங்கின. கூரையில் தொடங்கி அவள் மடி வரைக்கும் அவை நீண்டன.

பொழுது சாய, சிங்கராயர் தோளால் இடித்துக் கதவைத் திறந்தார். பிள்ளை மூச்சு முட்டாமல் பால் குடித்துக்கொண்டிருந்தது. இருதயம்மா நடந்ததைச் சொன்னதும் அவர் கங்காணியைக் கூட்டி வந்தார். மனமில்லாமல்தான் கங்காணி பூட்டைத் திறந்தார். உள்ளே துருப்பிடித்த மண்வெட்டிகள், ஒட்டடை. மேலே தகரம் எங்கும் ஒழுகவில்லை, தரை காய்ந்திருந்தது. நடுச்சுவர் ஓரத்தில் பழைய அடுப்புச் சாம்பல் மட்டும் ஈரம். புதுச்சளி.

கருப்பம்மா அப்புறம்தான் வாயைத் திறந்தாள். போன மழைக்கு அங்கே ஒருத்தி இருந்தாளாம். இதே போல நெஞ்சுச்சளி. பிள்ளையை இறக்காமல் வைத்திருந்தவள், அசதியில் ஒரு பகல் பாயில் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்தாளாம். அவள் எழுந்தாள், பிள்ளை எழவில்லை. அதற்குப் பிறகு அவள் சாகும் வரைக்கும் படுக்கவே இல்லை.

கங்காணி அவர்களை லயத்துக் கடைசிக் காம்பராவுக்கு மாற்றினார். அதற்கு ஒரு பக்கம்தான் ஆள். மறுபக்கச் சுவருக்கு வெளியே ஒன்றும் கிடையாது. நேரே பள்ளம்.

பிள்ளை தேறி, சிரிக்கக்கூட ஆரம்பித்தது. ஒரு ஞாயிறு மத்தியானம், மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்தபோது, சிங்கராயர் அவள் தோளிலிருந்து பிள்ளையை எடுத்துப் பாயில் கிடத்தினார்.

"நல்லாத்தான் இருக்கான் பாரு. இனிப் பயமில்ல. நீ செத்த கண்ண மூடு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போனார்.

இருதயம்மா பிள்ளையை ஒட்டிப் படுத்தாள். இமை ஒட்டியது. முதுகு பள்ளத்துப் பக்கச் சுவரில் பட்டது.

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் எழுந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகுதான், வெளியே, கால் வைக்க இடமில்லாத அந்தப் பள்ளத்தின் மேல், யாரோ நிம்மதியாக மூச்சு விடும் சத்தம் கேட்டது.