ஆட்டுத் தோல், சாம்பிள் மூன்று

வெள்ளிக்கிழமை மாலை விட்டுவிட்டுப் போன இடத்தில் திங்கட்கிழமை காலை ஃபோகஸ் இல்லை. சிவரஞ்சனி லேசர் அறையின் கறுப்புத் திரையை இழுத்து மூடிவிட்டு, ஏசியின் இரைச்சலையும் குளிர்நீர் பம்பின் முனகலையும் தவிர வேறெதுவும் கேட்காத இருட்டில் உட்கார்ந்து, மைக்ராஸ்கோப்பின் லென்ஸை மெல்ல மெல்ல மேலே தூக்கிக்கொண்டே வந்தாள். நாற்பது மைக்ரான் தூக்கிய பிறகுதான் உருவம் தெளிந்தது. அது ஒரு தலைமுடியின் கனத்தில் பாதிதான். இரண்டு நாள் ஏசி ஓடாவிட்டால் இரும்பு மேசையே அந்த அளவு விரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் அடியிலிருந்த கண்ணாடித் தகடு வைத்த உயரத்தில்தான் இருந்தது. அதன் மேலிருந்த தோல்தான் தடித்திருந்தது.

செத்த தோல் காயும், சுருங்கும், உதிரும். தடிக்காது.

ஆய்வு நோட்டில் அதை 'ஆட்டுத் தோல், சாம்பிள் மூன்று' என்று எழுதியிருந்தாள். அது பொய். அந்தத் தோல் அவளுடைய அப்பா ஜெயபாண்டியின் வலது காலிலிருந்து வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி ரோட்டோரத்தில் இருந்த அந்தக் கல்லூரியில் எலித் திசு வேண்டுமென்றால் கமிட்டி அனுமதிக்கு ஆறு மாதம் ஆகும். ஆய்வேட்டைக் கொடுக்க அவளுக்கு இருந்தது மூன்று மாதம். அதனால் எல்லாரையும் போல அவளும் கறிக்கடையிலிருந்து ஆட்டுத் தோல் வாங்கிவந்தாள். முதல் இரண்டும் லேசரில் கருகிப் போயின. அந்த வாரம் ராஜபாளையத்து ஆஸ்பத்திரியில் பரிபூரணம் சிஸ்டர் அப்பாவின் சர்க்கரைப் புண்ணின் ஓரத்தைப் பிளேடால் சீவி ட்ரேயில் போட்டபோது, நகக்கண் அளவுக்கு ஒரு துண்டை யாரும் பார்க்காமல் காஸ் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். டிபன் பையில் தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் கொண்டுவந்தாள். அன்று மதியம் அந்தத் தயிர்சாதத்தை அவளால் வாயில் வைக்க முடியவில்லை.

தோலுக்குச் சாயம் எதுவும் வேண்டாம். அதிலுள்ள நார்கள் சரியான லேசர் பட்டால் தாமாகவே பச்சையாக ஒளிரும். லேசர் விட்டுவிட்டு வரும் பல்ஸ்களாக வருகிறது. ஒவ்வொன்றும் நினைத்துப் பார்க்க முடியாத அளவு குறுகியது. அந்தப் பல்ஸை நிறம் நிறமாகப் பிரித்து, ஒரு நிறத்தைச் சற்று முந்தவிட்டு இன்னொன்றைப் பிந்தவைத்து மறுபடி சேர்த்தால் அதன் வடிவம் மாறும். சில வடிவங்களுக்குத் தோல் கருகாமல் பல மடங்கு வெளிச்சம் தரும். எந்த வடிவம் என்பதை மனிதர்கள் உட்கார்ந்து தேடினால் ஆயுசு போதாது. அதை ஒரு புரோகிராம் தேடியது. ஒரு வடிவத்தைப் போட்டுப் பார்க்கும், வெளிச்சம் கூடினால் வைத்துக்கொள்ளும், குறைந்தால் தள்ளிவிடும். அவள் எழுதிய புரோகிராம்தான். இன்னும் வெளிச்சம் வேண்டும் என்பதைத் தவிர வேறெந்தக் கட்டளையும் அவள் அதற்குக் கொடுக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டில் அப்பாவின் கால்கட்டைப் பிரித்தபோது வழக்கம்போல மூச்சை அடக்கிக்கொண்டாள். அப்பாவின் காலைப் பார்த்தால் அவளுக்குக் குமட்டும். மஞ்சளாகக் கசிந்து துணியோடு ஒட்டிக்கொண்டு, இழுக்கும்போது பிசின் நூல்போல நீளும் அந்தச் சீழும், அதன் இனிப்பு கலந்த அழுகல் வாடையும், ராத்திரி சோற்றில் கை வைக்கும்போதும் விரலில் இருப்பதுபோலவே தோன்றும். பெற்ற அப்பாவின் காலுக்கு இப்படி முகம் சுளிக்கிறோமே என்று தன் மேலேயே ஆத்திரம் வரும். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்த மனிதர். போன வருடம் வரை அய்யனார் கோவிலுக்கு நடந்தே போய்வந்தவர். பதினெட்டாம் தேதி கணுக்காலோடு எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். அன்றைக்கு ஒன்றே ஒன்று சொன்னார்.

"கால எடுத்துட்டாங்கன்னா பொறவு என்னை வீட்டுக்குக் கூட்டியாராதட்டி."

ஆனால் இந்த முறை துணி ஒட்டவில்லை. புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் மினுங்கியது. காலையில் பதினொரு மணிக்குக் குறுகுறுவென்று ஆரம்பித்து நாலு மணி வரைக்கும் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்ததாக அப்பா சொன்னார். உணர்ச்சியே செத்துப்போன காலில் ஆறு மாதத்துக்குப் பிறகு ஏதோ தெரிந்ததே என்று அவருக்குச் சந்தோஷம். அவள் பதினொரு மணிக்கு லேசரைப் போட்டு நாலு மணிக்கு அணைத்திருந்தாள்.

செவ்வாயும் புதனும் அப்படியே நடந்தது. வியாழக்கிழமை வேண்டுமென்றே லேசரைப் போடாமல் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் துணி நனைந்து, பச்சை படிந்து, வாசற்படியிலேயே நாறியது. வெள்ளிக்கிழமை காலையில் அவள் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூடப் போனாள். இது எப்படி என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் நிறுத்த வேண்டியிருக்கும் என்று பயந்தாள்.

பதினாறாம் தேதி டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஆபரேஷன் வேண்டாம் என்றார். அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே அழுதார். சிவரஞ்சனியும் அழுதாள். ஆனால் அவள் கண் அப்பாவின் கால் விரல்களிலேயே இருந்தது. பெருவிரலில் எப்போதும் நாலைந்து நரைமுடி இருக்கும். ஒன்றையும் காணவில்லை. விரல்கள் குழந்தையின் விரல்களைப்போல வழவழவென்று இருந்தன.

காணாமல் போன முடியை மறுநாள் எட்வின் கண்டுபிடித்தான். எட்வின் அந்த லேபின் டெக்னீஷியன், அதிகம் பேசாதவன். கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"மேடம், மேல மூடுன கண்ணாடி வெடிச்சிருக்கு. ஆட்டுத்தோலுல முடி வேற மொளச்சிருக்கு. நரைமுடி."

கறிக்கடைக்காரன் சரியாகச் சிரைக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவைத்தாள். நாளைக்கு வர நேரமானால் பத்து மணிக்கே லேசரைப் போட்டுவிடும்படியும் சொன்னாள். பிறகு திரைக்குள் போய், சாம்பிளை வெளிச்சம் படாமல் மூடிவைத்த பெட்டியின் மூடியைத் திறந்தாள். வாடை முகத்தில் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் பால்கோவா கிண்டும்போது அடிப்பிடித்தால் வருமே, அந்தத் தித்திப்பும் கருகலும், அதன் அடியில் வேறொன்றும். அது அவள் தினமும் பிரித்த கட்டின் வாடை. தகட்டின் மேல் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குச் சதை உப்பியிருந்தது, ஈரமாக, தோல் மூடி, ஒரு பக்கம் வெடித்து. வெடிப்பில் வெள்ளையாக ஏதோ நுனி தெரிந்தது. பழுத்த பருவை அமுக்கிப் பார்க்கத் தோன்றும் அந்த அசிங்கமான ஆசை அவளுக்கு வந்தது. கையுறை போட்ட விரலால் தொட்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே கெட்டியாக இருந்தது.

ஓடிப்போய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தாள். திரும்பிவந்து மைக்ராஸ்கோப்பின் கீழ்மேசையை முழுதாக இறக்கி, லேசரைப் போட்டாள். திரையில் அவளுடைய கைடு மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த படம் வந்தது. நார்கள், அவற்றின் அடியில் கிளை கிளையாக நரம்புகள், அவற்றுக்கும் அடியில் அடுக்கடுக்காக எலும்பு. எந்த லேபிலும் எடுத்திராத தெளிவு. அதைக் காட்டினால் பட்டம் கையில். அவள் படத்தைச் சேமிக்காமலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பொதக். பிறகு ஊன்றுகோல் தட்டும் சத்தம். மறுபடி பொதக். ஈரத்துணியைத் தரையில் போடுவதுபோல. அப்பா அவளுக்குக் காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் டம்ளர், முகம் முழுக்கச் சிரிப்பு. கால் எம்புட்டு லேசாக இருக்கிறது தெரியுமா என்றார். காற்றில் நடக்கிற மாதிரி இருக்கிறதாம்.

அவரை உட்காரவைத்து, எண்ணெய் தடவுகிறேன் என்று சொல்லி, காலை மடியில் எடுத்து வைத்தாள். பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல், இளஞ்சிவப்பாக இருந்தது. கனமே இல்லை. கட்டைவிரலால் மேல்பாதத்தை அமுக்கினாள். விரல் உள்ளே போனது. இன்னும் அமுக்கினாள். இன்னும் போனது. அடிப்பாதத்தின் தோல் மறுபக்கத்திலிருந்து அவள் விரலைத் தொட்டது. நடுவில் எலும்பு இல்லை. குதிகாலில் இல்லை. கணுக்காலில் இல்லை.

விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது.

"வலிக்குதாப்பா?"

"சுகமா இருக்குட்டி. இப்ப முழங்காலு வரைக்கும் குறுகுறுங்குது."

ராத்திரி முழுக்க அவள் தூங்கவில்லை. நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். புண் திறக்கட்டும். கால் போகட்டும். அப்பா தன்னோடு பேசாமலே இருக்கட்டும். ஆள் மிஞ்சினால் போதும். காலையில் அப்பாவுக்கு வேண்டியதைச் செய்துவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினாள். வழியில் பஸ் பழுதாகி அரைமணி நேரம் ரோட்டில் நின்றது; எட்வின் போனை எடுக்கவில்லை. லேபை அடைந்தபோது மணி பத்தே முக்கால்.

எட்வின் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். நேற்று அவள் சொன்னபடி பத்து மணிக்கே போட்டுவிட்டானாம். போட்டவன் உள்ளே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டானாம். அவன் முகம் வெளிறியிருந்தது. இனிமேல் அந்த அறைக்குள் வரமாட்டேன் என்றான்.

திரைக்குள் போனாள். கம்ப்யூட்டரில் வெளிச்சத்தின் கோடு மேலே போய்க்கொண்டே இருந்தது. பெட்டியின் மூடி மூடவில்லை. மூடியை எதுவோ உள்ளிருந்து தள்ளி நின்றது. இடுக்கு வழியாகப் பச்சை வெளிச்சம் கசிந்தது.

பார்க்கக்கூடாது. நிறுத்தினால் போதும். நிறுத்து.

அப்போது வராந்தாவில் சத்தம் கேட்டது.

பொதக். ஊன்றுகோல். பொதக்.

"ஏட்டி ரஞ்சனி, உள்ளயா இருக்க?"

அப்பா. ஒற்றை ஆளாக பஸ் ஏறி வந்திருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி லேபில் இருப்பவர்களுக்கு அரைக்கிலோ பால்கோவா வேறு வாங்கியிருக்கிறார். திரையை விலக்கிக்கொண்டு வந்தார். இருட்டில் தடவி ஸ்டூலைப் பிடித்தார். உட்கார்ந்தார். உட்கார்ந்த சத்தமே கேட்கவில்லை.

"அப்பா, நீங்க வெளிய போங்க."

"செத்த நேரம் இருந்துட்டுப் போறேன். உன் மெசின பாக்கணும்னுதான் வந்தேன்."

அவள் பட்டனை அமுக்கினாள். லேசரின் வாய் டக்கென்று மூடியது. மெயின் சாவியையும் திருப்பி உருவினாள். பம்ப் நின்றது. கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினாள். அறை இருண்டது.

இருளவில்லை.

பெட்டியின் இடுக்கில் பச்சை வெளிச்சம் அப்படியே இருந்தது. லேசர் இல்லாமல். பல்ஸ் இல்லாமல். இன்னும் கூடியது. அந்த வெளிச்சத்தில் அப்பாவின் வேட்டி தெரிந்தது. ஸ்டூலிலிருந்து இரண்டு பக்கமும் தொங்கியது. அதற்குள் தொடை இருக்க வேண்டிய இடத்தில் துணி படிந்து கிடந்தது. பால்கோவாப் பொட்டலம் மடியிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது.

அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப இடுப்பு வரைக்கும் வந்துட்டுட்டி."

மூடி மெல்ல உயர்ந்தது. விளிம்பின் மேல் ஐந்து விரல்கள் வந்து மடங்கிப் பிடித்தன. பெருவிரலில் நாலைந்து நரைமுடி.