ராக்கியின் குளிர்கால அறை

சிலந்தி நூல் அறுந்திருக்கவில்லை.

ஆபிதா முதலில் கவனித்தது அதைத்தான். ஆமைக் கூண்டின் பிளாஸ்டிக் திரையை விலக்கி, கையில் புதுப் புல்லோடு அவள் குனிந்தபோது, ராக்கியின் முதுகோட்டிலிருந்து பக்கத்துப் பலகை வரை ஒரு நூல் சாய்வாக ஓடியது. நேற்று இரவு கட்டியதல்ல. இரண்டு மூன்று நாள் தூசி படிந்து நூல் தடித்துப்போயிருந்தது. ஆமை ஓர் அங்குலம் நகர்ந்திருந்தாலும் அறுந்திருக்கும். ஆனால் நேற்று மாலை ராக்கியின் முகத்துக்கு நேரே அவள் வைத்த ஒரு கூடைப் புல்லில் ஒரு தாள்கூட மிச்சமில்லை.

பூனை வந்திருக்கும் என்று நினைத்தாள். பூனை எங்கே புல் தின்னும் என்றும் நினைத்தாள். கொண்டுவந்த புல்லைத் தட்டில் போட்டுவிட்டு, நூலைத் தொடாமல் திரையை விட்டாள்.

சவூதியில், தம்மாமில் அவர்கள் குடியிருந்தது ஒரு பழைய வில்லாவின் கீழ்த்தளம். மேல்தளம் காலி. முன்பு இருந்த சூடான் குடும்பம் ஊருக்குப் போனபோது, விமானத்தில் ஏற்ற முடியாது என்று அறுபது கிலோ ஆமையைக் கொல்லையிலேயே விட்டுவிட்டுப் போனது. ராக்கி என்று பெயர் வைத்தது ஆபிதாவின் மகள் ஹிஃப்ஸா. அப்போது அவளுக்கு நான்கு வயது, இப்போது ஆறு. கோடை முழுக்க ராக்கி மதிலோரம் தோண்டிய வளைக்குள் கிடக்கும். அந்த வளை எவ்வளவு தூரம் போகிறது என்று யாரும் பார்த்ததில்லை. குளிர்காலத்தில் வளை ஈரமாகிவிடும், அது ஆமைக்கு ஆகாது. அதனால் ஆபிதாவின் கணவன் ரிபாய், வளையின் வாயை ஒரு சிமெண்ட் கல்லால் அடைத்து, அதையும் உள்ளடக்கி இரட்டைப் பலகையில் ஒரு கூண்டு அடித்தான். பலகைகளுக்கு நடுவே தெர்மோகோல், மூலையில் கம்பிவலை போட்ட எண்ணெய் ஹீட்டர், வாசலுக்குக் கனமான பிளாஸ்டிக் திரை. வெளியே ஏழு டிகிரி என்றாலும் உள்ளே இருபத்தேழு இருக்கும்.

தீனி ஆபிதாவின் பொறுப்பு. பெரும்பாலும் காய்ந்த புல், அதோடு ஒரு பிடி பர்சீம் தீவனத்தழை, வாரம் ஒருநாள் அடுப்பில் முள் பொசுக்கிய சப்பாத்திக் கள்ளி. ஓடு உறுதியாக இருக்க மீன் சந்தையில் பொறுக்கிய கணவாய் ஓடு. பழம் கூடாது. ஹிஃப்ஸா மட்டும் தெரியாமல் வெள்ளரிக்காய் கொடுப்பாள். வெள்ளிக்கிழமை வெந்நீர் விளாவிக் குளிப்பாட்டும்போது ராக்கி கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ளும். போன வெள்ளிக்கிழமைகூட அப்படித்தான் நீட்டியது.

"ஏங்க, ராக்கி மூணு நாளா அசையல" என்றாள், ரிபாய் கடைக்குக் கிளம்பும்போது.

"குளிருக்குத் தூங்குது, புள்ள. நமக்கே எந்திரிக்க மனசு வரல."

"அப்ப புல்லைத் தின்னது யாரு?"

ரிபாய் சாயாவை ஊதிக் குடித்தான். "காத்து அள்ளிட்டுப் போயிருக்கும்."

மூன்று பக்கமும் பலகை, நான்காவது பக்கம் திரை. எந்தக் காற்று?

ரிபாய் போனதும் கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்தாள். ஷிரின் என்ற டாக்டர் எடுத்தார். ஆபிதா தனக்குத் தெரிந்த உருதுவில் சொன்னாள். டாக்டர் நிதானமாகக் கேட்டுவிட்டு, இந்த இனம் குளிருக்கு உறங்குவதே இல்லை, அசையாமல் கிடந்தால் ஏதோ கோளாறு, சூட்டைக் குறைக்காமல் சீக்கிரம் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். அறுபது கிலோவை அவள் எப்படித் தூக்குவாள்?

மத்தியானம் மறுபடி போனாள். மூடுபனி இன்னும் விலகவில்லை. மதிலுக்கு அப்பால் தெரு இருப்பதே தெரியவில்லை. தூரத்தில் ஏதோ லாரி பின்னால் எடுக்கும் ஓசை மட்டும் பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. கூண்டுக்குள் ஹீட்டரின் எண்ணெய் வாசனையும் காய்ந்த புல்லின் வாசனையும் எப்போதும்போல் இருந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. ஈரக் களிமண்ணும் திரிந்த பாலும் கலந்தாற்போல.

நூல் அப்படியே இருந்தது. காலையில் போட்ட புல் இல்லை.

ராக்கியின் முன்னங்கால்கள் இரண்டும் கதவு சாத்தியதுபோல் முகத்தை மூடியிருந்தன. தொட்டுப் பார்த்தாள். செதிள் சொரசொரத்தது, அசையவில்லை. கைப்பேசி விளக்கைப் போட்டு ஓட்டின் பக்கவாட்டில் பார்த்தாள். புல் துணுக்குகள் ஒரு கோடாக, ராக்கியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போயின. அங்கே வளையை அடைத்திருந்த சிமெண்ட் கல் குப்புற விழுந்து கிடந்தது. கல்லுக்குப் பின்னால் வளையின் வாய் கறுப்பாகத் திறந்திருந்தது.

உள்ளே, வெகு தூரத்தில், யாரோ தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

சர்ர்... சர்ர்... நிறுத்தம். மண் தள்ளும் ஓசை. மறுபடி சர்ர்.

ஆபிதா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். தோண்டுவது ராக்கியின் குணம். அந்த ஓசை அவளுக்குப் பழக்கமானதுதான். ஆனால் ராக்கி அவள் கைக்கு எட்டும் தூரத்தில், அசையாமல், அறுந்திராத நூலோடு உட்கார்ந்திருந்தது.

அன்று மாலை ரிபாய் வந்து கூண்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தான். காது கொடுத்தான். வெகுநேரம் அப்படியே இருந்தான். பிறகு எழுந்தான். நீள மண்வெட்டிக் காம்பால் கல்லை வளையின் வாயில் தள்ளி, இன்னும் இரண்டு கல்லை அண்டக்கொடுத்தான்.

"என்ன கேட்டுச்சு?"

"பைப்பா இருக்கும். நாளைக்கி அழகுமலை அண்ணனைக் கூட்டிட்டு வாறேன். வண்டியில தூக்கிப் போட்டு டாக்டர்கிட்ட காட்டிடுவோம்."

"நானும் புள்ளையும் அல்கோபார்ல உங்க லாத்தா வீட்டுல போயி இருக்கோமே" என்றாள். ரிபாயின் அக்கா அங்கேதான் இருந்தாள்.

"நாளைக்கி ஒருநாள் பொறு, ஆபிதா."

மறுநாள் பனி இன்னும் கெட்டியாக இறங்கியிருந்தது. பள்ளிக்கு விடுமுறை என்று செய்தி வந்தது. ரிபாய் முன்விளக்குப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனான். ஹிஃப்ஸா போர்வையைச் சுற்றிக்கொண்டு டேப்லெட் பார்த்தாள். ஆபிதா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. மிக மெல்லிய அதிர்வு. உள்ளங்கால்தான் முதலில் அறிந்தது, காது பிறகுதான்.

சர்ர்... சர்ர்...

கத்தியை வைத்தாள். ஓசை அடுப்படியிலிருந்து நகர்ந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அதன் பின்னால் நடந்தாள். கூடத்தின் கம்பளத்துக்குக் கீழே போயிற்று. ஹிஃப்ஸாவின் கட்டிலுக்குக் கீழே கொஞ்சநேரம் நின்றது. பிறகு திரும்பி, குளியலறைப் பக்கம் போயிற்று. அங்கே நின்றுவிட்டது.

குளியலறைக்குள் ஹிஃப்ஸாவின் குரல் கேட்டது. எப்போது எழுந்து போனாள்?

தண்ணீர் போகும் துளையின் மூடி கழன்று ஓரமாகக் கிடந்தது. ஹிஃப்ஸா குத்தவைத்து உட்கார்ந்து, வெள்ளரித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் துளைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். எந்தத் துண்டும் விழும் ஓசை கேட்கவில்லை.

"என்ன செய்யிற?"

"ராக்கி கீழ இருக்கான், உம்மா. ஹி இஸ் ஸோ ஹங்ரி."

"ராக்கி கூண்டுல இருக்குது."

"நோ உம்மா. அது அவனோட ஹவுஸ். அவன் வெளிய வந்துட்டான்."

"எத்தனை நாளா இப்படிப் போடுற?"

ஹிஃப்ஸா விரலை மடக்கிப் பார்த்தாள். நான்கு விரல்.

ஆபிதா மகளை இழுத்துக்கொண்டாள். மூடியைப் போட்டு, அதன்மேல் பெரிய வாளியை வைத்து, வழிய வழியத் தண்ணீர் பிடித்தாள். ரிபாய்க்குப் போன் செய்தாள்.

"வாங்க. இப்பவே வாங்க."

"ரோடே தெரியல, புள்ள. நாலு மணிக்கு அண்ணனோட வந்துருவேன். அதோட எல்லாரும் லாத்தா வீட்டுக்குக் கிளம்பிடுவோம். துணியை எடுத்து வை."

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் திறந்து பார்த்தாள். பனி வெள்ளைச் சுவராக நின்றது. டாக்ஸிக்காரர்கள் இருவர் வருவதாகச் சொல்லி, இருவருமே ரத்து செய்தார்கள். கதவைச் சாத்திவிட்டு சோபாவின்மேல் காலைத் தூக்கி வைத்து, ஹிஃப்ஸாவை மடியில் போட்டுக்கொண்டு, நாலு மணிவரை உட்கார்ந்திருந்தாள். கீழே எந்த ஓசையும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அழகுமலை ஏசி மெக்கானிக். ஐம்பது வயது, மேலூர்க்காரர். கயிறும் ஒரு கனமான பலகையும் கொண்டுவந்திருந்தார். "கவலப்படாத தங்கச்சி, கம்ப்ரசரையே ஒத்தையில தூக்குறவன் நான்" என்றார். ஆபிதா ஹிஃப்ஸாவை சோபாவில் உட்காரவைத்து, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு, கொல்லை வாசலில் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் கூண்டும் தெரியும், கூடமும் தெரியும்.

ஆண்கள் இருவரும் திரையைக் கழற்றினார்கள். ஓட்டின் இருபுறமும் கையைக் கொடுத்தார்கள். "ம்" என்று அழகுமலை தம் பிடித்தார்.

ஓடு சட்டென்று மேலே வந்தது. இருவரும் நிலை தவறிப் பின்னால் சாய்ந்தார்கள். வெறும் கூடையைத் தூக்கியதுபோல் வந்துவிட்டது.

தரையில் வைத்து மெதுவாகப் புரட்டினார்கள். முன்னங்கால்களின் தோல் மட்டும், கழற்றிப்போட்ட கையுறைபோல், முன்பக்கத்தில் தொங்கியது. பின்பக்கம் திறந்து கிடந்தது. உள்ளே சதை இல்லை. எலும்பு இல்லை. ரத்தம் இல்லை. உட்சுவர் வழவழவென்று ஈரமாக மின்னியது.

"செத்துப் பூச்சி அரிச்சிருக்குமா, அண்ணே?" என்றான் ரிபாய்.

அழகுமலை இல்லை என்று தலையை ஆட்டினார். குரல் இறங்கிப்போயிருந்தது. "ஆமைக்கு முதுகெலும்பு ஓட்டோடயே ஒட்டியிருக்கும், பாய். ஓட்டை விட்டுட்டு வெளிய வர முடியாது. வரவே முடியாது."

ஆபிதா முன்னால் வந்து, தன்னை அறியாமல் குனிந்து, உள்ளே கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. ஹீட்டரின் சூடு அல்ல. இப்போதுதான் யாரோ எழுந்துபோன படுக்கையின் சூடு.

நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தாள்.

சோபாவில் போர்வை மட்டும் கிடந்தது.

ஓடினாள். கூடம். நடை. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் விழும் ஓசை. கதவிடுக்கில் ஆவி. தள்ளினாள். திறந்தது.

வாளி கவிழ்ந்து கிடந்தது. வெந்நீர்க் குழாய் திறந்திருந்தது. ஹிஃப்ஸா தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், கன்னம் ஈரத் தரையில் படிய. வலது கை துளைக்குள் இருந்தது. தோள்வரை.

"ஹிஃப்ஸா!"

குழந்தை அழவில்லை. தலையை மட்டும் லேசாகத் திருப்பிச் சிரித்தாள்.

"ஷ்ஷ், உம்மா. அவனுக்குக் குளிருதாம். என் கையைப் பிடிச்சிருக்கான்."

ஆபிதா மகளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். வரவில்லை. பின்னால் ரிபாய் ஓடிவந்து அவளையும் சேர்த்துப் பிடித்து இழுத்தான். வரவில்லை. கீழேயிருந்து யாரும் இழுக்கவுமில்லை. பிடித்திருந்தது, அவ்வளவுதான். அவசரமே இல்லாமல்.

ஹிஃப்ஸாவின் சிரிப்பு மெல்ல மாறியது.

"உம்மா," என்றாள், "இன்னொரு கையையும் கேக்குறான்."

துளையைச் சுற்றித் தரை ஓடு ஒன்று விரிசல் விட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. சுவரோரம்வரை தரை முழுவதும் மெதுவாக மேலே எழுந்தது, மூச்சு வாங்கும் முதுகைப்போல். மெதுவாகத் தாழ்ந்தது.

மறுபடி எழுந்தது.