சாந்துச் சூடு

மழித்த தலைக்கு எண்ணெய் தடவும்போதே சைலஸ் வென்னுக்கு என்னவோ போலிருந்தது. தூக்கில் ஒரு மணி நேரம் தொங்கியவனின் கழுத்து இன்னும் சில்லிடவில்லை.

இந்த நாட்டில் பிப்ரவரிதான் உச்சிக் கோடை, வெயில் அப்படி, என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். நாடி பார்த்துக் கையெழுத்துப் போட்ட டாக்டர் சாப்பிடப் போயாயிற்று. மண்டையின் மேடு பள்ளங்களில் கொலைக் குணத்தைத் தேடும் மெல்போர்ன் பண்டிதர்களுக்கு, தூக்கிலிட்டவர்களின் முகத்தைச் சாந்தில் அச்செடுத்துக் கொடுப்பது அவன் வேலை; இவனுடையது மாலைக்குள் போக வேண்டும்.

சைலஸ் பேசிக்கொண்டே வேலை செய்வான். மனைவி எலன் இந்த நாட்டுக்கு வரும் வழியில் கப்பலிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் பேச்சை முகம் சுளிக்காமல் கேட்டவர்கள் இந்த மேசையில் கிடந்தவர்கள்தான். இன்று தூக்கிலிடப்பட்ட டேனியல் க்ரோவின் வாயைத் தன் கையாலேயே மூடி, குழைத்த வெள்ளைச் சாந்தை நெற்றியிலிருந்து தாடைவரை அப்பினான்.

"கொஞ்சம் சில்லுனு இருக்கும், பொறுத்துக்கோ தம்பி." வழக்கம்போலக் கேட்டான்: "குளிருதா?"

ஈரச் சாந்து நெடி. கூரைத் தகடு வெயிலில் படபடத்தது. அதற்கும் கீழே, சாந்துக்குள்ளிருந்து, குழந்தை மூக்கடைத்துத் தூங்குவதுபோல் மெல்லிய சத்தம்.

சைலஸ் வாசல் பக்கம் திரும்பினான்.

"ஹோகன்! இங்க வாய்யா. இவன் மூச்சு விடறான்!"

வாசலில் உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்த காவலாளி ஹோகன் எட்டிப் பார்த்தான். "பொணத்துல காத்து பிரியும்னு எனக்குப் பாடம் நடத்துனதே நீதானே? பேசிப் பேசிக் கடைசில பதிலும் வர ஆரம்பிச்சிருச்சா உனக்கு?"

"சூடா இருக்குய்யா."

"சாந்து இறுகினா சூடாகும். அதுவும் நீ சொன்னதுதான். இன்னொரு தடவை கூப்பிட்டே, ஊர் பூரா சொல்லிச் சிரிப்பேன்."

சைலஸ் விரலைச் சாந்தில் வைத்தான். இப்போதும் வழித்துவிடலாம். ஊர் சிரிக்கும். இந்த வேலையும் போகும். பேச இந்த மேசைக்காரர்களும் இல்லாமல் போவார்கள். விரலை எடுத்தான்.

சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

பிறகு வரவில்லை.

அரை மணி கழித்து அச்சைத் தூக்கினான். வரவில்லை. இழுத்தான். வாய்ப் பக்கம் பிடித்துக்கொண்டு, படக்கென்று உடைந்து வந்தது.

அவன் மூடிய வாய் திறந்திருந்தது. உள்ளே தொண்டைவரை வெள்ளை.

விரலால் அந்தக் கட்டியைப் பெயர்த்தான். இன்னும் சூடு.

அதில் பல் பதிந்திருந்தது. மேலே எட்டு. கீழே ஆறு. ஆழமாக.