ஒல்லிக் கொட்டை எழுத்து

மதியச் சோறு தின்றுவிட்டு வந்த மதலைமுத்துவின் மேசையில், அவன் கோக்காத ஈய எழுத்து வரி ஒன்று நின்றது.

தர்மபுரிக் கடைவீதியில், தீர்த்தகிரியின் அச்சாபீசில் எழுத்துக் கோப்பவன் அவன் ஒருவன்தான். யுத்த காலத்தில் புது ஈயத்துக்கு எங்கே போவது? மூடிப்போன சேலத்து அச்சாபீஸ் ஒன்றிலிருந்து முதலாளி அள்ளிவந்த பழைய கொட்டை எழுத்து இது. உயரம், ஒடுக்கம், அட்டைக் கறுப்பு, நுனியில் மட்டும் மயிரிழைக் கொக்கி. எத்தனை நீளப் பேரும் ஒரே வரியில் அடங்கிவிடும் என்பதால் சாவு நோட்டீசுக்கு மட்டுமே எடுப்பார்கள். செத்தவனுக்குத்தானே பட்டமெல்லாம் சேர்ந்து பேர் நீளும்!

தகரக் கூரையில் மழை இரைய, மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடையில், இடவலம் மாறி நிற்கும் அந்த எழுத்துகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனான். ச. வு. ரி. விரல் நின்றது.

சவுரியப்பன்.

முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்த அன்றே போய்விட்டன. மூன்றாவதுக்கென்று அவனும் ராஜமேரியும் குசுகுசுவென்று பேசி வைத்த பேர் இது. பிறக்குமுன் வெளியே விடக்கூடாதென்று கோயில் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. அவள் அதியமான்கோட்டையில், தாய்வீட்டில், இன்றோ நாளையோ என்று இருக்கிறாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே கேலி செய்துகொண்டு வரியைக் கலைத்தான். எழுத்துகளைப் பெட்டியில் அதனதன் அறையில் போட்டான். கை கழுவித் திரும்பினான்.

வரி நின்றது. அடியில் இன்றைய தேதி.

பேரின் ஏழு எழுத்தையும் பொறுக்கிக்கொண்டு ஓடிப் பின்பக்கக் கிணற்றில் ஒவ்வொன்றாய்ப் போட்டான். ஏழு முறை சத்தம் கேட்டது.

உள்ளே வந்தால், குடையும் சிரிப்புமாக முதலாளி.

“முத்து, ஆம்பளப் புள்ளயாம்! உன் மச்சான் சொல்லிட்டுப் போறான்.”

“அழுதுச்சாங்களா, மொதலாளி?”

“அதெல்லாம் அழுவும். நீ மாமியா வூட்டுக்குக் கெளம்பு!”

சேற்றில் ஓடினான். விழுந்தான். ஓடினான்.

ராஜமேரி மலர்ந்துபோய்க் கிடந்தாள். “உங்க சாடைதாங்க. வாயத்தான் தொறக்கவே மாட்டேங்குது.”

பிள்ளையைக் கையில் வாங்கினான். உயிரோடு, சூடாக இருந்தது. அழுகை வந்தது அவனுக்கு.

பிறகுதான் மை வாடை.

பிள்ளையின் கடைவாயில் தண்ணீர் வழிந்தது. சில்லென்ற கிணற்றுத் தண்ணீர்.

வாய் திறந்தது. சத்தமில்லை.

கீழ் ஈறில், உயரமாய், ஒடுக்கமாய், கறுப்பாய், அந்த ஏழு எழுத்தும் வரிசையாக நின்றன.