எட்டு ஏக்கரில் எழுந்த அம்மன்

செவ்வாய்க்கிழமை காலை நர்ஸ் இசபெல் சிவகாசியில் நல்லசிவத்தின் வீட்டுக்கு வந்தபோது, இன்பராஜ் அங்கே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. கல்லச்சுக் கம்பெனிக்குப் போகிற வழியில் அந்த வீட்டில் ஒரு டம்ளர் காப்பி குடிக்காவிட்டால் அவனுக்குப் பொழுது விடியாது. தீப்பெட்டி லேபிள் அச்சடிப்பதற்குக் கல்லில் படம் எழுதும் ஆர்டிஸ்ட் அவன். அம்மனோ முருகனோ மயிலோ, எந்த ஆர்டர் வந்தாலும் முதலாளி இன்பராஜைத்தான் கூப்பிடுவார்.

நல்லசிவம் முப்பது வருஷம் சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். நிலத்தை அளக்கப் போய் மனிதர்களின் பொய்யை அளக்கக் கற்றுக்கொண்டவர் என்று ஊரில் பேச்சு. போலீசிடம் கொண்டுபோக முடியாத சங்கதிகள் அவர் வீட்டுக்கு வரும். இன்பராஜ் அவருக்கு உதவியாள். யாரும் நியமிக்கவில்லை, தன்னைத்தானே நியமித்துக்கொண்டான்.

இசபெலின் சங்கதி இதுதான். போன வருஷம், ஐம்பத்தேழில், வெம்பக்கோட்டைப் பக்கம் வைப்பாற்றங்கரையில் எட்டு ஏக்கர் வாங்கியிருந்தாள். உழவும் இல்லை, கிணறு வெட்டவும் இல்லை. வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் பட்டாசில் வெந்தவர்களுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்ததும் கட்டுச்சோற்றோடு அங்கே போய் மருத மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். மரம் நிற்கட்டும், மயில் இருக்கட்டும், அவ்வளவுதான் அவள் திட்டம். காசைக் கொட்டி நிழல் வாங்கிய நர்ஸம்மா என்று ஊரே சிரித்தது.

இந்த ஞாயிறு போனபோது, பெரிய மருதத்தடியில் ஒரு கல் நட்டிருந்தது. மஞ்சள் பூசி, அதன்மேல் சிவப்புப் பெயிண்டில் அம்மன் உருவம். பெண்கள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை இருட்டில் ஆத்தா தானாக எழுந்தருளிவிட்டாளாம். வெள்ளிக்கிழமை சுற்றியுள்ள மரங்களை வெட்டிக் கொட்டகை போடப்போகிறார்களாம். வேதக்காரியான அவள் வாயைத் திறந்தால் சாமியைப் பழித்தவள் என்றாகிவிடும்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள ஏதாச்சும் செய்யுங்கய்யா. மரம் போயிருச்சுன்னா எனக்கு அந்த இடமே வேண்டாம்” என்றாள்.

அவள் நிலம் வாங்கியபோது ஊரில் சிரிக்காத ஒரே ஆள் இன்பராஜ். அவனுக்கு வயிறு எரிந்தது, எப்படிச் சிரிப்பான்? அந்த இடத்தைக் கண்டுபிடித்ததே அவன். மயில் பார்த்து எழுத மூன்று வருஷம் சைக்கிளில் போய்வந்தவன். கம்பெனியில் திராவகம் பட்டு விரல் வெந்தபோது, கட்டுப் போட்ட இசபெலிடம் வலி மறக்க அந்த இடத்தைப் பற்றிப் பேசினான். என்றைக்காவது வாங்கிப்போட வேண்டும் என்றும் சொன்னான். ஆறே மாதத்தில் அவள் வாங்கிவிட்டாள். நீங்கள் சொன்ன இடம்தான் அண்ணே என்று அல்வாவோடு வீட்டுக்கு வந்தபோது, சிரித்த முகமாக வாங்கித் தின்றான். அன்றிலிருந்து மயில் பார்க்க ஆற்றங்கரைப் பக்கம் அவன் சைக்கிளைத் திருப்பவில்லை. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து களைத்து வருவதைப் பார்த்தாலும், இவளுக்கென்ன, எட்டு ஏக்கர்க்காரி என்றுதான் மனசுக்குள் ஓடும்.

ஆனாலும் அவள் சொல்லி முடித்ததும் முதலில் எழுந்து செருப்பை மாட்டியவன் அவன்தான். கம்பெனிக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு, மூவரும் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் இன்பராஜ் ஒரே பேரைத்தான் சொல்லிக்கொண்டு வந்தான்: லட்சுமிகாந்தம். பட்டாசுக் கம்பெனி முதலாளி. மருந்து வைக்கும் குடோன் கட்ட ஊரை விட்டுத் தள்ளி இடம் தேடுகிறவர். நேற்றே இசபெலைப் பார்த்து, சாமி வந்த இடம் உனக்கு எதற்கம்மா, பாதி விலைக்குக் கொடு என்று கேட்டுவிட்டார்.

அங்கே போனால் இன்னொரு ஆளும் இருந்தான், முத்துக்கருப்பன். மரக்கன்றுகளைக் கடிக்கின்றன என்று இசபெல் அவனுடைய ஆடுகளை உள்ளே விடாமல் நிறுத்தியிருந்தாள். அந்தக் கோபத்தை அவன் மறைக்கவில்லை. ஆனால் ஆத்தாவை வைத்து விளையாடுகிறவன் நானில்லை என்று கல்லுக்கு முன்னாலேயே சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான். முதல் பொங்கல் வைத்த குருவம்மாளை நல்லசிவம் விசாரித்தார். மகளுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், அதனால் ஓடிவந்தாளாம்.

“ஆத்தா கோவமா வந்திருக்காய்யா. பாருங்க, எடது கையில சூலம் பிடிச்சிருக்கா. இருக்கன்குடி கோயில்லகூட இப்படிப் பாத்ததில்ல. இடத்தைச் சுத்தம் பண்ணலேன்னா சும்மா விடமாட்டா” என்றாள்.

இன்பராஜ் அப்போது வண்டிப்பாதையில் குனிந்து ஒரு கார் தடத்தைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தான். இந்தப் பேச்சை அவன் காதில் வாங்கவில்லை. நல்லசிவம் கல்லுக்கு எதிரே வெகுநேரம் நின்றார். பிறகு இன்பராஜைக் கூப்பிட்டு, உருவத்தை நோட்டில் அப்படியே எழுதித் தரச் சொன்னார். இரண்டே நிமிஷம், தலையைக்கூடச் சரியாக நிமிர்த்தாமல் எழுதி நீட்டினான். அவர் அதைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கார் தடம் யாருடையது என்று இன்பராஜ் சொல்லச் சொல்லத் தலையாட்டினார்.

வியாழக்கிழமை மத்தியானம், நல்லசிவம் சொல்லியனுப்பியபடி எல்லோரும் மருதத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். லட்சுமிகாந்தம் காரில் வந்தார். முத்துக்கருப்பன், குருவம்மாள், ஊர்ப் பெண்கள் பத்துப் பேர். குற்றவாளி காரிலேயே வந்துவிட்டான் என்று இன்பராஜ் இசபெலின் காதில் ஓதினான்.

நல்லசிவம் நிதானமாகத் தொடங்கினார். லாபம் யாருக்கு என்று தேடினால் லட்சுமிகாந்தம்தான் அகப்படுவார். ஆனால் கூப்பிட்டதும் கார் போட்டு வந்து, விலை கேட்டது நிஜம்தான் என்று எல்லோர் முன்பும் ஒப்புக்கொள்கிறவர், இருட்டில் மஞ்சள் அரைத்துக்கொண்டு வரமாட்டார். தடமும் அவர் இடம் பார்க்க வந்துபோனதுதான், மறைக்கவில்லை. முத்துக்கருப்பனுக்குக் கோபம் உண்டு. ஆனால் கொட்டகை வந்தால் என்றைக்காவது மறுபடி மேய்க்கலாம் என்கிற ஆசையும் போய்விடும். அதோடு, அவனுக்கு நேராக ஒரு கோடு இழுக்க வராது. இது தேர்ந்த கை எழுதிய படம் என்றார்.

“குருவம்மா, நீ சொன்னதுதான் விஷயம். அம்மனுக்கு வலது கையிலதான் சூலம். இடது கையில குங்குமக் கிண்ணம். ஊருல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்தக் கல்லுல எல்லாமே மாறிக் கிடக்கு. தெரியாதவன் மாத்தினானா? அம்புட்டு நல்லா எழுதத் தெரிஞ்சவனுக்கு இது தெரியாதா?”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.  இப்போதுதான் இன்பராஜ் கல்லை நிஜமாகவே பார்த்தான்.

“கல்லச்சுல ஒரு வழக்கம் இருக்கு” என்றார் நல்லசிவம். “கல்லுல இடம் வலமா மாத்தி எழுதினாத்தான் தாள்ல நேரா விழும். வருஷக்கணக்கா அதே வேலை பாத்தவன் கை, கல்லைக் கண்டா தானா மாத்தி எழுதும். தாள்னா நேரா எழுதும். தம்பி, இதப் பாரு.”

பையிலிருந்த நோட்டுத் தாளை இன்பராஜ் முன்னால் விரித்தார். நகையும் சேலை மடிப்பும் கல்லில் உள்ளபடியே இருந்தன. ஆனால் அதில் அம்மன் வலது கையில் சூலம் ஏந்தி, இடது கையில் கிண்ணம் வைத்திருந்தாள்.

“அப்படியே பாத்து எழுதுன்னேன். நீ பாக்கவே இல்ல. இதைப் பாக்காமலே எழுத முடிஞ்சவன், இதை முதல்ல எழுதினவன்தான். செருப்பை மாட்டி எனக்கு முன்னால கிளம்பினியே, விசாரணை தப்பான பக்கம் போகட்டும்னுதானே?”

லட்சுமிகாந்தம் தொண்டையைச் செருமினார்.  இன்பராஜ் மறுக்க வாயெடுத்தான். ஆனால் நல்லசிவத்தின் கையில் அவனே எழுதிய படம் இருந்தது.

“எனக்கு இடம் வேண்டாம்யா. காசு ஆசையில செய்யல” என்றான் கடைசியில். “நான் பாத்து வச்ச இடத்துல அவ போயி ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உக்காந்திருக்கான்னு நெனச்சாலே எனக்குச் சோறு இறங்கல. அவளுக்கும் இருக்கக்கூடாதுன்னுதான்.”

குருவம்மாள் அவனை அடிக்கக் கையோங்கிவிட்டு இறக்கினாள். “எம்பிள்ளைக்கு ஒன்னும் ஆயிறக் கூடாதுன்னு உன் கிறுக்கல் முன்னாடியா விழுந்து கும்பிட்டேன்?” என்று கேட்டாள்.  எங்கள் ஆத்தா இருக்கன்குடியில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தாள். மற்றப் பெண்களும் பின்னால் போனார்கள். முத்துக்கருப்பன் கல்லைப் பெயர்த்து ஆற்றுமணலில் உருட்டிவிட்டான். நாளைக்கு மரம் வெட்டுகிற பேச்சு அதோடு தீர்ந்தது.

நல்லசிவம் இசபெலைப் பார்த்தார். போலீசுக்குப் போவதானால் சாட்சி சொல்லத் தயார் என்றார். அவள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு இன்பராஜ் பக்கம் திரும்பினாள். அவள் குரல் உயரவில்லை.

“அண்ணே, எங்கம்மா நகையை வித்து இந்த இடத்தை வாங்கினேன். பட்டாசுக் கம்பெனிக்குப் போயிரப்போகுதுன்னு கேள்விப்பட்டேன். நீங்க அம்புட்டு ஆசையாச் சொன்ன இடம், மரத்தை வெட்டிப்புடுவாங்களேன்னுதான் ஓடினேன். நான் வேலி போட்டேனா? கதவு வச்சேனா? ஞாயித்துக்கிழமை எம்புட்டு நாள் உங்களுக்கும் சேத்துச் சோறு கட்டிக்கிட்டு வந்திருக்கேன், தெரியுமா? நீங்க வரவே இல்ல.”

இன்பராஜ் ஏதோ சொல்ல வந்தான்.

“இனி வர வேண்டாம்” என்றாள்.

அடுத்த வாரம் எட்டு ஏக்கரையும் சுற்றி முள்வேலி போட்டு, வாசலுக்கு ஒரு படலும் வைத்தார்கள். கம்பு நட்டவன் முத்துக்கருப்பன். ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவர்களுக்கும், சுள்ளி பொறுக்க வருகிறவர்களுக்கும், மழைக்குப் பிறகு அவனுடைய ஆடுகளுக்கும்கூடப் படலைத் திறந்துவிடலாம் என்று இசபெல் சொல்லியிருந்தாள். திறக்கக்கூடாது என்று அவள் சொன்னது ஒரே ஒரு ஆளுக்குத்தான்.