சோதனைப் பிரதி

இரவு ஏழு நாற்பதுக்குச் சோதனைப் பிரதி இரண்டு முறை திறக்கப்பட்டிருந்தது. அவள் திறந்தது ஒரு முறைதான்.

அது அவளுக்கு மட்டும் போகும் பிரதி. தூங்காத பிள்ளைகளைப் பெற்றவர்கள் சேர்ந்து நடத்தும் இணையக் குழுவுக்கு, வெள்ளிதோறும் எட்டு மணிக்கு அவள் ஒரு மின்னஞ்சல் மடல் அனுப்புவாள். பிள்ளைகளைப் படுக்கையில் போட்டுவிட்டுப் பெற்றவர்களின் கை ஓயும் நேரம் அது. அதற்கு முன் தன் முகவரிக்கே ஒரு பிரதி அனுப்பிப் படித்துப் பார்ப்பாள். அதில் வேண்டுமென்றே ஒரு பொய்யை நட்டு வைப்பாள். சொந்த எழுத்தைப் படிக்கும்போது கண் அசந்துவிடும். பொய் காலில் இடறினால்தான் முழுதும் படித்ததாக அவளுக்குக் கணக்கு. பிறகு அதைக் களைந்துவிட்டு அனுப்புவாள். இப்படி ஒரு பழக்கம் இருப்பது கணவனுக்குக்கூடத் தெரியாது.

அவனுக்குத்தான் கூப்பிட்டாள்.

"என் மெயிலைத் தொறந்தீங்களா?"

"ஷிப்டுல நிக்கறேன். மூச்சு விட நேரமில்ல, உன் மெயிலைத் தொறக்கறேனாக்கும்."

"ரெண்டு தடவை தொறந்ததா காட்டுது."

"உன் மடலை எல்லாரும் ரெண்டு தடவைதானே தொறக்கறாங்க? நீதானே பீத்திக்கிட்ட. தூக்கம் அக்கான்னா சும்மாவா!"

பீத்திக்கொண்டது உண்மைதான். நாற்காலி பற்றி எழுதிய வாரத்திலிருந்து அப்படி. புருஷனும் பெண்டாட்டியுமாகப் படிக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள்.

நாற்காலி பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. மகன் குட்டிக்கு நாலு வயது வரை தூக்கம் பகை. அவள் காதைப் பிடித்துக்கொண்டுதான் படுப்பான். காது நகர்ந்தால் விழித்துக்கொள்வான். ஒரு நாள் உடம்பு இற்றுப்போய், கட்டிலை ஒட்டி ஒரு பிரம்பு நாற்காலியைப் போட்டு, "அம்மா இதுல உக்காந்திருக்கேன்னு நெனச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். அன்றைக்கே தூங்கினான். அடித்துப் போட்டதுபோல் தூங்கினான். அதை எழுதினாள். நன்றிக் கடிதங்கள் குவிந்தன. நாங்களும் போட்டோம் அக்கா, எங்க வீட்டிலும் தூங்கிடுச்சு அக்கா. குழு பெருத்தது. இன்றைய மடல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: இன்றிரவே ஒரு நாற்காலி போடுங்கள்.

குளிர்பெட்டி ஒருமுறை முனகி அடங்கியதும், அடிப்பிடித்த பாலின் வாடை தங்கியிருந்த சமையலறைக்குள் கூடத்தின் இருட்டைத் தாண்டி, குட்டியின் அறையில் பழைய கைபேசி பெய்துகொண்டிருந்த பொய் மழையின் சத்தம், யாரோ மெதுவாக அரிசி புடைப்பதுபோல், விட்டுவிட்டு வந்து சேர்ந்தது. எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

மேசையில் மடிக்கணினி டிங் என்றது. பதில் மடல். அனுப்பியவர் இடத்தில் அவள் முகவரியே இருந்தது.

"அக்கா, சின்னத் திருத்தம். இடப்பக்கம்னு போட்டிருக்கீங்க. அவன் வலப்பக்கம் திரும்பித்தான் படுப்பான்."

இடப்பக்கம். இன்றைக்கு அவள் நட்ட பொய் அது.

பழைய கைபேசியில் அவள் மின்னஞ்சல் கணக்கு இன்னும் இருந்தது. அது நாற்காலியின் மேல் கிடக்கும். குட்டி எழுந்து நோண்டுகிறான் என்று நினைத்துப் பாதி சிரித்தாள். மீதிச் சிரிப்பு வரவில்லை. குட்டிக்கு எழுத்து தெரியாது.

விரல்கள் தாமாகவே இன்னொரு பொய்யை அடித்தன. 'பச்சைப் போர்வையைக் கட்டிக்கொண்டு தூங்குவான்.' தனக்கே அனுப்பினாள்.

உள்ளே மழை நின்றது.

திரையில், திறப்பு: ஒன்று. அவள் இன்னும் திறக்கவில்லை.

மழை மறுபடி பெய்யத் தொடங்கியது. டிங்.

"போர்வையே ஆகாது அக்கா. காதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவான். இப்பவும்."

எட்டுக்கு இரண்டு நிமிடம். நேரம் குறித்து வைத்த மடல் தானாகப் போய்விடும். திரையின் மூலையில் நிறுத்தும் பொத்தான் இருந்தது. அதன் கீழே போன வாரக் கணக்கு. அத்தனை வீடுகள். வீட்டுக்கு இரண்டு திறப்பு. புருஷனும் பெண்டாட்டியும் இல்லை. புருஷனே இல்லாத வீடுகளும் அதில் உண்டு, அவளுக்குத் தெரியும்.

கை பொத்தானை நோக்கி நீண்டது. அப்போது குட்டியின் அறையில் பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது. வெகுநேரம் உட்கார்ந்தவர்கள் இடுப்பை மாற்றி உட்காரும் சத்தம்.

பொத்தானை விட்டுவிட்டு ஓடினாள்.

கதவு. இருட்டு. பவுடர் வாசனை. அதற்கு அடியில், காயாத துணியின் வாடை.

நாற்காலி காலியாக இருந்தது. கைபேசி தரையில், திரை மேல்நோக்கி. திரையில் அவள் மடல். அந்த வெளிச்சத்தில் குட்டி தெரிந்தான். வலப்பக்கம் திரும்பி, கண் மூடி. ஒரு கை மட்டும் கட்டிலுக்கு வெளியே உயர்ந்திருந்தது. நாற்காலிக்கு மேலே. உட்கார்ந்திருப்பவர் குனிந்தால் தலை வரும் உயரத்தில். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் எதையோ பற்றி, மெல்ல வருடிக்கொண்டிருந்தன.

காலையில் பெருக்கும்போது ஒற்றைக் கையால் தூக்கும் நாற்காலி. முதுகைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். கால்கள் தரையைக் கீறின. ஒரு விரற்கடை நகர்ந்தது. குட்டியின் கையும் கூடவே நகர்ந்தது.

சமையலறையில் டிங்.

எட்டு. மடல் போய்விட்டது.

டிங். டிங். டிங். பதில்கள். நிற்கவில்லை.

அவள் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தாள். குட்டி கண்ணைத் திறக்காமல், தூக்கக் குரலில், சலிப்பாகச் சொன்னான்.

"இழுக்காதம்மா. அப்புறம் இவங்க எங்க உக்காருவாங்க?"