பிடியரிசிப் பானை

லாரி ஆள் அந்த மண்பானையைக் குப்பைச் சாக்கின் மேல் கவிழ்க்கப் போன நொடியில், செலினா ஓடி வந்து அவர் கையைப் பிடித்துவிட்டாள். கொஞ்சம் அரிசி தரையில் சிதறியது.

"பேடாந்த மேடம் ஹேளித்ரு, அம்மா," என்று கன்னடத்தில் சொல்லி, வேண்டாமென்றது அவள்தான் என்பதுபோல் செலினாவின் மருமகளைக் கைகாட்டினார்.

நிருபமா விடியற்காலையிலிருந்து அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக் களைத்திருந்தாள். லிங்கராஜபுரத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, மகன் க்ளென்னின் வைட்ஃபீல்ட் ஃபிளாட்டுக்கு எல்லோரும் கிளம்பியாக வேண்டும். அங்கே சாமான் ஏற்ற லிஃப்ட் கிடைப்பது பதினோரு மணி வரைக்கும்தான்.

"அத்தை, அங்க கோவில்ல பிடியரிசி எல்லாம் யாரும் வாங்கறதில்ல. காணிக்கையே ஃபோன்லதான் போகுது. யாருக்காக இதைத் தூக்கிட்டு வர்றீங்க?"

செலினா குனிந்தாள். சிதறிய அரிசியைப் பொறுக்கிப் பானையில் போட்டாள்.

யாருக்காக... அதைத்தான் அவள் இத்தனை வருஷமும் யாரிடமும் சொன்னதில்லை.

உலை வைக்கும் முன் அளந்த அரிசியில் ஒரு பிடி இந்தப் பானைக்கு. மாதக் கடைசியில் பையில் கட்டி மாதா கோவிலுக்கு. கோவில்காரர்கள் அதைச் சோற்றுக்கு இல்லாத வீட்டு கேட்டில் மாட்டிவிட்டு வருவார்கள். கதவைத் தட்ட மாட்டார்கள். கொடுத்தது யாரென்று வாங்குகிறவருக்குத் தெரியக்கூடாது, அதுதான் முறை. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னது செலினாவுக்கு அடுப்படியில்தான் விளங்கியது. இடது கை இடுப்பில் க்ளென்னைத் தாங்கியிருக்கும். வலது கை சத்தமில்லாமல் பானைக்குப் போய் வரும்.

அந்தக் காலம் இன்னும் அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தது. கணவர் இஞ்ஞாசி பீன்யா தொழிற்சாலையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார். சட்டைப் பையில் ஒரு கமலா ஆரஞ்சு இருக்கும். சுளையைப் பிள்ளை வாயில் ஊட்டிவிட்டுத் தோலை ஜன்னல் கட்டையில் காயப் போடுவார். எதற்கென்று அவள் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி முகமும் அவருக்கு அப்போது இல்லை.

அவருடைய தம்பி ரெமிஜியஸும் அதே தொழிற்சாலைதான். ஸ்ட்ரைக் வந்தபோது தம்பி கேட்டில் கொடியோடு நின்றான். சூப்பர்வைசரான அண்ணன், அவன் கண் முன்னாலேயே உள்ளே வேலைக்குப் போனார். ஸ்ட்ரைக் தோற்றது, தம்பியின் வேலை போனது. உன் வீட்டுச் சோற்றை நாய்க்குக்கூடப் போட மாட்டேன், தண்ணிகூடத் தொட மாட்டேன் என்று கத்திவிட்டுப் போனான். அவன் பேரை இனி இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்றார் இஞ்ஞாசி.

செலினா எடுக்கவில்லை. சாமியாரைத் தனியாகப் பார்த்து, என் பை ரெமிஜியஸ் வீட்டுக்குப் போகட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அந்தப் பையைக் கோவிலில் சேர்க்கும் வேலை இஞ்ஞாசியுடையது. முனகிக்கொண்டேதான் எடுத்துப் போவார். அன்றைக்கெல்லாம் பூசைக்கு லேட். சுவிசேஷம் முடிந்த பிறகு வந்து கடைசியில், செருப்புகள் பக்கத்தில் நிற்பார். தம்பி பட்டினி கிடக்கிறான், பூசையும் இல்லை, கல்மனசு மனுஷன் என்று மனதுக்குள் வைவாள். பாதியை வெளியிலும் வைவாள்.

கேட் கிறீச்சிட்டது.

செலினா திரும்பிப் பார்த்தாள். பானை கையிலேயே இருந்தது. வாசலுக்கு வெளியே நரைத்த தலையோடு ரெமிஜியஸ். படியில் கால் வைக்கவில்லை.

"வீட்டைக் காலி பண்றீங்கன்னு சொன்னாங்க, அண்ணி. அம்மாவோட மாதா சுருபத்தைக் கொடுத்தீங்கன்னா போயிடுவேன். எனக்கு வேற எதுவும் வேணாம்."

"உள்ள வாப்பா. ஒரு வாய் காப்பி..."

"இந்த வீட்டுல தண்ணிகூடத் தொட மாட்டேன்னு சொன்னவன் நான்."

உள்ளே மெத்தை எடுத்த கட்டிலில் இஞ்ஞாசி உட்கார்ந்திருந்தார். சுருபம், அந்தச் சின்ன மாதா சிலை, அவர் மடியில். தம்பி குரல் கேட்டும் எழுந்து வரவில்லை. நாளைக்கு இந்த வாசலே இருக்காது. இன்றைக்கும் இவர்கள் பேசாமல் போனால், இனி எந்த வாசலில் பேசுவார்கள்?

ரெமிஜியஸின் பார்வை அவள் கைப்பானையில் விழுந்தது.

"இன்னும் பிடியரிசி எடுக்கறீங்களா?"

"தினமும் எடுக்கறாங்க, சின்ன மாமா," என்றாள் நிருபமா. "யாருக்குன்னுதான் சொல்ல மாட்டேங்கறாங்க."

அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. எனக்கு வேலை கிடைக்கிற வரைக்கும் எங்க வீட்டு அடுப்பு எரிஞ்சதே இப்படி ஒரு பானையாலதான் என்றான். பல நாள் அரிசி கலந்து கிடக்குமாம். பாதி குழையும், பாதி வேகாது. அதற்கே பிள்ளைகள் சண்டை போடுமாம்.

"கூடப் பொறந்தவன் கைவிட்டான். பேர் தெரியாத ஒரு தாய் சோறு போட்டா. அந்தம்மா யாருன்னு தெரிஞ்சா இப்பவும் கால்ல விழுவேன், அண்ணி."

செலினா உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் மட்டும் அவள் சொன்னதைக் கேட்கவில்லை, நிறைந்து வழிந்தது. நிருபமா பானையைப் பார்த்தாள், மாமியார் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த டேப்பை மெல்லக் கீழே வைத்தாள்.

"அத்தை... இவங்களுக்காகவா?"

செலினா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரெமிஜியஸ் தலையை ஆட்டினான். "இருக்காது. சும்மா சொல்லாதீங்க. அந்த அரிசியில எப்பவும் காஞ்ச ஆரஞ்சுத் தோல் கிடக்கும். பை அவிழ்த்தா வீடே மணக்கும். உங்க பானையில அது இருக்கா, காட்டுங்க."

செலினா பானைக்குள் பார்த்தாள். பூச்சி வராமலிருக்க அவள் எப்போதும் போடும் வேப்பிலைதான் கிடந்தது.

"நான் ஆரஞ்சுத் தோல் போட்டதே இல்லையே..."

சொல்லி முடிக்கும் முன்பே அவள் பார்வை தானாக வெறும் ஜன்னல் கட்டைக்குப் போனது.

"நான்தான் போட்டேன்."

இஞ்ஞாசி நிலைப்படியில் நின்றார். துண்டில் சுற்றிய மாதா சுருபம் கையில். தம்பியைப் பார்க்காமல் அதைப் பார்த்தே பேசினார்.

"ஊருக்குப் போற பஸ்ஸுல இவனுக்கு வாந்தி வரும். ஆரஞ்சுத் தோலை மோந்துகிட்டு என் தோள்ல சாஞ்சு தூங்குவான். ஞாபகம் வந்துச்சு, பையில போட்டேன். என் பேரைத்தான் சொல்ல முடியல."

படிக்கு வெளியே நின்றவன் எப்போது உள்ளே வந்தான் என்று யாரும் கவனிக்கவில்லை. "அண்ணே" என்ற ஒரே சொல்தான் கேட்டது. நடுவில் மாதாவை வைத்து இரண்டு நரைத்த தலைகளும் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து குலுங்கின. லாரி ஆள் சாக்கை ஓரமாக வைத்துவிட்டு வெளியே போனார்.

செலினாவுக்கு மட்டும் ஒன்று பிடிபடவில்லை. "உங்களுக்கு எப்படிங்க தெரியும், பை யாருக்குப் போகுதுன்னு? சாமியார்கிட்ட மட்டும்தானே சொன்னேன்."

"முதல் மாசம் கொண்டு போனப்பவே சாமியார் இவன் வீட்டு முகவரியைச் சொல்லி, எடுத்துட்டுப் போக ஆள் இல்ல, நீ போறியான்னாரு." இஞ்ஞாசி தம்பியின் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. "பூசைக்கு லேட்டுன்னு திட்டுவியே, செலினா... கேட்டுல மாட்டிட்டு வர ஒரு நிமிஷம்தான். இவன் கதவைத் திறந்து அதை எடுக்கற வரைக்கும் தெருமுக்குல நின்னு பாத்துட்டு வருவேன். அதுலதான் லேட்டாகும்."